தேசப்பனின் அரை ஆயுள்

என் கணவர் பக்தவத்சலத்துக்குப் பொய் சொல்ல வராது. இது பெரிய நல்ல குணம் என்று கல்யாணத்துக்கு முன்னால் யாரோ என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கூட இருந்து குடும்பம் நடத்தினவளுக்குத்தான் தெரியும் அது என்ன பாடு என்று. போதாததற்கு இன்னொரு குணமும் உண்டு. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் விடமாட்டார். இந்த இரண்டும் சேர்ந்துதான் வச்சலாவின் தலையில் விடிந்தது.

எழுபதுகளின் நடுவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் அணு நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவருக்கு அங்கே வேலை. கடல் தண்ணீர், மணல், மீன் எல்லாவற்றிலும் கதிர்வீச்சு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. நிலையம் ஓட ஆரம்பித்த பிறகு அளந்தால் போதாதா என்று ஒரு தடவை கேட்டேன். "முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சாதானே பின்னாடி ஏறிச்சா இல்லையான்னு சொல்ல முடியும்" என்றார். சர்க்கரை டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போகும் யோசனை மட்டும் இவருக்கு வராது.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மீன் கொண்டுவருபவள் சம்பூர்ணம். பக்கத்துக் குப்பத்துக்காரி. அவளுடைய ஒரே மகன் தேசப்பன். நான் சொல்லும் காலத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் அவனும் அவன் சிநேகிதன் இருசப்பனும் ஒரே கட்டுமரத்தில் போனார்கள். திடீரென்று காற்று திரும்பி மரம் கவிழ்ந்தது. இருசப்பன் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு எப்படியோ கரைக்கு வந்துவிட்டான். தேசப்பன் வரவில்லை. அவன் உடலும் வரவில்லை.

தேசப்பனின் மனைவிதான் வச்சலா. இருபது வயதைத் தாண்டியிருப்பாள், அவ்வளவுதான். பிள்ளை இல்லை. உடலைக் கண்ணால் பார்க்காமல் கருமாதி செய்யக் கூடாது என்று சம்பூர்ணம் பிடிவாதமாக நின்றுவிட்டாள். அதனால் வச்சலா கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டும் இருந்தன, புருஷன் மட்டும் இல்லை. இருசப்பன் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவளுக்கும் சம்மதம். குப்பத்தில் அது தடையான காரியமுமில்லை. ஆனால் கருமாதி முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பெற்றவள் வாய் திறந்து சரி என்று சொல்ல வேண்டும்.

சம்பூர்ணம் சொன்ன நியாயம் இதுதான். "அறுவத்திநாலு வயசு இருப்பான்னு ஜோசியர் சொல்லிகீறாரு. அரை ஆயுசுல போனவன் மிச்ச ஆயுசை இங்கதானே சுத்திக் கழிக்கணும்? அவன் பாத்துகினு கீறப்போ இன்னொருத்தன் எப்பிடி தாலி கட்டுவான்?"

குப்பத்துத் தலைவர் சிங்காரம் பொறுமைசாலி. ஒரு வருஷமாக அவளிடம் பேசிப் பேசிக் கொஞ்சம் கரைத்து வைத்திருந்தார். வருகிற மாசி மகத்துக்குள் முடித்துவிடலாம் என்று அவள் வாயிலிருந்தே வந்துவிட்டதாம். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் கணவர் குப்பத்துக்குச் சொற்பொழிவாற்றப் போனார்.

நிலையம் வந்தால் கடலே விஷமாகிவிடும் என்று குப்பத்தில் பேச்சு. பயத்தைப் போக்கத் தமிழில் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள் என்று ஆபீஸில் இவரைக் கேட்டிருக்கிறார்கள். இவருக்குத் தமிழில் விஞ்ஞானம் சொல்வதென்றால் அல்வா. கதிர்வீச்சுப் பொருள் நாளாக ஆக எப்படிக் குறையும் என்று சொல்ல வேண்டும். பாதியாகக் குறைய எத்தனை காலமோ அதற்குப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி 'அரை ஆயுள்' என்று வைத்துக்கொண்டார்.

மாரியம்மன் கோயில் எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. இவர் எழுந்து நின்று பேசினார். "இது கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. ஆனா இருக்கும். அரை ஆயுள் ஆனதும் முழுசாப் போயிடும்னு நினைச்சிடாதீங்க. பாதிதான் போகும். மீதிப் பாதி இங்கேயேதான் இருக்கும்."

பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்களாம். சம்பூர்ணம் மட்டும் எழுந்து, "இத்தத்தான் சாரு நான் ஒரு வருசமா இந்த ஜனங்களாண்ட சொல்லிகினு கீறேன்" என்றாளாம். வீட்டுக்கு வந்து இவர் என்னிடம் பெருமை தாங்காமல் சொன்னார். "படிக்காத அம்மா, வசுமதி. கப்புனு பிடிச்சுக்கிட்டாங்க."

மறுநாள் மாமியாருக்குப் பதிலாக வச்சலா கூடையோடு வந்தாள். பின்கட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வூட்டுக்காரரு இன்னாக்கா இப்பிடிப் பண்ணிட்டாரு? படிச்ச சாரே சொல்லிட்டாரு, பாதி இங்கதான் கீதுன்னு. இனிமே கருமாதிப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க அத்த. தலைவரும் கைய விரிச்சிட்டாரு."

மத்தியானம் இவர் சாப்பிட உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"நான் யுரேனியத்தைப் பத்தில்ல சொன்னேன்?"

"அவங்க காதுல தேசப்பனைப் பத்தின்னு விழுந்துடுச்சு."

"ஐயையோ" என்றார். பாவமாக இருந்தது. ஆனால் கோபமும் குறையவில்லை எனக்கு. "ஆவியும் இல்லை, ஒண்ணும் இல்லைன்னு போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. ஒரு நிமிஷ வேலை" என்றேன்.

"அளந்து பார்க்காம இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் பேய் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குளிக்காமல் கொள்ளாமல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். "நம்ம நாட்டுல அற்பாயுசுல போறவங்கதான் ஜாஸ்தி. குழந்தைகளையும் சேர்த்துக்க. எல்லாரும் மிச்ச வருஷத்தை இங்கேயே கழிக்கிறாங்கன்னா உயிரோட இருக்கிறவங்களை விட அவங்க கூட்டம் பெரிசு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கவே இடம் இருக்காது."

செங்கல்பட்டு என் பிறந்த ஊர். "இப்ப மட்டும் இருக்கா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அது ஆதாரமாகாது" என்றார்.

அடுத்த முறை சம்பூர்ணம் மீனோடு வந்தபோது பின்கட்டிலேயே அவளை மடக்கினார். ஆவிக்கு எடை உண்டா என்று கேட்டார். உடம்பே இல்லை, எடைக்கு எங்கே போவது என்றாள் அவள். "எடை இல்லாதது எதுவும் ஒரு இடத்துல நிக்காதும்மா. வெளிச்சத்தோட வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கணும். உங்க பையன் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்நேரம் சூரியனையெல்லாம் தாண்டி எங்கேயோ போயிருப்பான்."

சம்பூர்ணம் சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே நிதானமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள். "கல்யாணப் பொடவை எடுக்கவே காஞ்சிபுரம் வரமாட்டேன்னவன் சாரு அவன். அம்மாந்தூரம்லாம் போவமாட்டான்."

நான் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினேன். வச்சலாவின் முகம் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதையும் விட்டால் இருசப்பன் எத்தனை நாள் காத்திருப்பான்? அவன் வீட்டில் வேறு பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வேறு கேள்வி.

இவர் விடவில்லை. இவரிடம் ஒரு கருவி உண்டு. கைப்பெட்டி மாதிரி இருக்கும். கதிர்வீச்சு பட்டால் டிக் டிக் என்று சத்தம் போடும். வேலைக்காக அதைத் தூக்கிக்கொண்டு கடற்கரையெல்லாம் நடப்பார். "கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கிற கருவி இதுன்னு அவங்களுக்குத் தெரியும். அவன் கவிழ்ந்த இடத்துக்கு நேரா கரையில வச்சுக் காட்டுறேன். சும்மா இருந்தா அவங்களே புரிஞ்சுப்பாங்க" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. நானும் கூடவே போனேன்.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சம்பூர்ணம், வச்சலா, தலைவர் சிங்காரம், இன்னும் சில பேர். இருசப்பன் கொஞ்சம் தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டு, பார்க்காதவன் மாதிரி நின்றான். இவர் கருவியை மணலில் வைத்து முடுக்கினார்.

அது கொட்ட ஆரம்பித்தது. டிக் டிக் டிக் என்று நிற்காமல்.

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் கரையில் கருமணல் உண்டு. அதற்கு இயற்கையிலேயே கதிர்வீச்சு உண்டு. அதை அளப்பதற்குத்தான் இவருக்குச் சம்பளமே. அவசரத்தில் மனுஷருக்கு அது மறந்துபோய்விட்டது.

சம்பூர்ணம் மணலில் உட்கார்ந்தாள். கருவியின் பக்கத்தில் கையை வைத்தாள். "தேசப்பா" என்றாள், சாதாரணமாக, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். "நல்லா கீறியா நைனா?"

வச்சலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, அம்மா, அது மணல்" என்று இவர் கருவியைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு தெற்கே ஓடினார். அங்கே வைத்தார். கொட்டியது. வடக்கே ஓடினார். அங்கேயும் கொட்டியது. "பார்த்தீங்களா, எல்லா இடத்துலயும் சத்தம் போடுது. அது உங்க பையன் இல்லை."

"கடலோரம் பூரா எங்காளுங்கதான சாரு செத்துகீறாங்க" என்றாள் சம்பூர்ணம். "எங்கப்பன், எங்க அண்ணாத்த, எல்லாம் இதே கடல்லதான். சத்தம் வராம இன்னா பண்ணும்?"

சிங்காரம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். இவர் கருவியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பதில் இல்லாமல் இவர் நின்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு அவளுக்கு எதிரே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குரலே மாறிவிட்டிருந்தது.

"சரிம்மா. எல்லா இடத்துலயும் கொஞ்சம் இருக்கு. அதுக்கு நாங்க பின்னணின்னு பேர் வச்சிருக்கோம்."

"சினிமால பாடுவாங்களே, அதுவா?"

"அது மாதிரிதான்னு வச்சுக்குங்களேன். ஆள் தெரியாது, சத்தம் மட்டும் இருந்துக்கிட்டே இருக்கும். புதுசா ஒண்ணு வந்தா அதுக்கு மேல ஏறும். அப்புறம் பாதியாகும், பாதியில பாதியாகும். முழுசாத் தீராது. ஆனா ஒரு நாள் பின்னணியோட பின்னணியா ஆயிடும். உங்க அப்பா, அண்ணன்லாம் இருக்காங்கன்னீங்களே, அந்த மாதிரி."

சம்பூர்ணம் மணலைக் கையால் அளைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க பையனுக்கு அரை ஆயுள் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. அவன் இருக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியுது, அதைச் சொல்லுங்க."

"கனாவுல வர்றான். வாசப்படியாண்ட வந்து நிப்பான். பசிக்குதும்பான்."

"என்னைக்கும் வர்றானா?"

அவள் யோசித்தாள். "மொதல்ல தெனமும் வந்தான். சித்திரை வாக்குல ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தான். இப்ப..." நிறுத்தினாள். அந்தக் கணக்கை அவளே அப்போதுதான் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "இப்ப நாலு நாளைக்கு ஒருவாட்டிதான் வர்றான்."

"அரை வருஷத்துக்குப் பாதி" என்று இவர் துள்ளிவிட்டார். நான் முறைத்தேன். அடங்கினார்.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். வேறு எதற்காகவும் இல்லை. ஒரே ஒருவர் அளந்து சொன்னதை வைத்து இவர் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டார். வச்சலாவைத் திரும்பிப் பார்த்து, "உங்க கணக்கு என்னம்மா?" என்றார்.

அதுவரைக்கும் அவளை யாருமே எதுவும் கேட்டதில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இருசப்பன் வலையைக் கீழே போட்டுவிட்டான். வச்சலா மாமியாரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனுக்கு ஒரு நாளும் வரல" என்றாள்.

"ஒரு நாள் கூடவா?"

"ஒரு நாளும் வரல சாரு. என்னாண்ட வரவேயில்ல."

இவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். என் அப்பா கல்யாணத்துக்குப் போட்டது, ரேடியம் முள் வைத்தது. கருவியை மணலிலிருந்து தூக்கி மடியில் வைத்து, கடிகாரத்தை அதன் கிட்டே கொண்டுபோனார். சத்தம் படபடவென்று ஏறியது. தள்ளிப் பிடித்தார். குறைந்தது. "இருக்கிற இடத்துலதாம்மா சத்தம் ஏறும். தள்ளி இருந்தா ஏறாது. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. மத்தது எனக்குத் தெரியாது."

சம்பூர்ணம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் ஒப்பாரி வைத்து யாரும் கேட்டதில்லை, வைத்தால் மகன் செத்தது நிஜமாகிவிடும் என்று. அன்றைக்கு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"அப்போ வாட்ச்சு என்னாண்டதான் கீது. அவளாண்ட இல்ல. அவன் அவள எப்பவோ வுட்டுட்டான்." சிங்காரத்தைப் பார்த்தாள். "நாள் பாருங்கண்ணாத்த. எம் புள்ள எங்கூட இருந்துட்டுப் போறான். பொண்ணு போவட்டும்."

மாசி மகத்துக்கு முன்னாலேயே கருமாதி நடந்தது. மகத்தன்று மாமல்லபுரம் கடலில் எத்தனையோ பேர் போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். சம்பூர்ணமும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பன் பெயர், அண்ணன் பெயர் சொல்லிவிட்டு, மூன்றாவதாக மகன் பெயரையும் சொன்னாள். வைகாசியில் இருசப்பன் வச்சலாவுக்குத் தாலி கட்டினான். பந்தியில் இவருக்கு முதல் இலை. இவர் ஏதோ கண்டுபிடிப்புக்குப் பரிசு வாங்கினவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஆடி மாதம் வச்சலா மீன் கொண்டுவந்தாள். பூசினாற்போல் ஆகியிருந்தாள். பின்கட்டில் உட்கார்ந்து நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தோம். நான் வாய் சும்மா இராமல் சொன்னேன். "என்னவோ போ. உன் கனவுல அவன் வராம இருந்தானே, அதுவே ஒரு புண்ணியம்."

அவள் கை நிற்கவில்லை. "வர்லன்னு யாருக்கா சொன்னது?"

நான் அவளைப் பார்த்தேன்.

"தெனமும் வந்தாரு. இன்னிக்கு வரைக்கும் வந்துகினுதான் கீறாரு. ஈரத்தோட வந்து நடுங்கிகினு நிப்பாரு. பாதியும் ஆவல, ஒண்ணும் ஆவல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"நானும் வர்றாருன்னா அத்த பங்கு கொறஞ்சிடும்ல? அதுங்கைல வேற இன்னா கீது?" மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "அதுக்கோசரம் மட்டும் இல்லக்கா. எனுக்கும் போவணும்னு இருந்திச்சி."

பிறகு, தப்போ சரியோ, கேட்டுவிட்டேன். "மனசுல அவனை வச்சுக்கிட்டு இவன்கூட எப்படிடி இருக்கே?"

"இவரும் அவரத்தான வச்சுகினு கீறாரு" என்றாள். "கவுந்தப்போ இவரு கைய நீட்டுனாராம், அவருக்கு எட்டலயாம். தெனமும் அதே கனாதான். வேற எவனக் கட்டிகினாலும் அவர மறைச்சி வைக்கணும். இவராண்ட மறைக்க வேணாம். காத்தால எழுந்ததும் 'வந்தானா?'ன்னு கேப்பாரு. 'வந்தாரு'ன்னு சொல்லுவேன். நானும் அதையே கேப்பேன். அவருக்கும் வந்திருக்கும்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நெத்திலிக் கையால் துடைக்கவும் முடியவில்லை.

உள்ளேயிருந்து இவர் குரல் வந்தது. "யாரு, வச்சலாவா? அந்த அம்மாவுக்குக் கனவு எப்படி இருக்குன்னு கேளு வசுமதி. கணக்குப்படி இந்நேரம் இன்னும் பாதியாகியிருக்கணும். அப்படியே இந்தப் பொண்ணுக்கு இப்பவும் ஒண்ணும் வரலையேன்னும் கேட்டுடு."

வச்சலா என்னைப் பார்த்தாள்.

"அங்கே பாதியாகிடுச்சாம். இங்கே ஒண்ணும் வரலையாம்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றார் சந்தோஷமாக. வச்சலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் ஒருத்தருக்குப் பொய் சொல்ல வராது. இன்னொருத்தியாவது சொல்ல வேண்டாமா?